புதுக் குஞ்சுகளைப் பழைய கோழிகளோடு எப்போது விடலாம்?

கேள்வி: வீட்டில் 10 மாத வயதுள்ள 6 சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. போன வாரம் ஒரு பண்ணையில் 25 நாள் குஞ்சுகள் 15 வாங்கினேன். "தடுப்பு மருந்து எல்லாம் கொடுத்தாச்சு, அப்படியே திறந்துவிடுங்க" என்றார்கள். அன்று மாலையே விட்டேன். மறுநாள் காலையில் இரண்டு குஞ்சுகள் தலையில் கொத்துப்பட்டுச் செத்துக் கிடந்தன. மீதி 13 இப்போது அட்டைப்பெட்டியில். எப்படிச் சேர்ப்பது? செத்த இரண்டுக்குப் பணம் கேட்கலாமா?

பதில்: அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். குஞ்சுகள் உங்கள் கைக்கு நல்லபடியாகத்தான் வந்தன. கொத்தியது உங்கள் கோழி. ஆனால் பண்ணைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. குஞ்சு பொரித்த தேதி என்ன, எந்த நாளில் எந்த மருந்து கொடுத்தார்கள்? வழக்கமாகக் கோழிக்கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவார்கள். இரண்டாம் வாரத்தில் கம்போரோ என்ற நோய்க்கு மருந்து, நான்காம் வாரம் வாக்கில் மறுபடி கோழிக்கழிச்சலுக்கு லசோட்டா என்ற மருந்து, எட்டு வாரத்துக்கு மேல் அதே நோய்க்கு ஊசி. ஆக, 25 நாள் குஞ்சுக்கு 'எல்லாம் கொடுத்தாச்சு' என்று யாரும் சொல்ல முடியாது. மிச்சம் உங்கள் பொறுப்பு.

'பக்கத்து வீட்டில் பத்து நாள் குஞ்சுகூடப் பெரிய கோழிகளுக்கு நடுவில் திரிகிறதே' என்று நினைப்பீர்கள். அவற்றுக்குத் தாய் இருக்கிறது. வேறொரு பெட்டை கிட்டே வந்தாலே தாய்க்கோழி இறக்கையை விரித்துக்கொண்டு பாயும். பண்ணைக் குஞ்சுக்கு அந்தக் காவல் கிடையாது. கோழிக்கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் ஒதுங்கிப் போவது என்று ஒரு வரிசை உண்டு. புதிதாக வருவது அந்த வரிசையில் கடைசி. ஓடி ஒளிய இடமும் உடம்பில் பலமும் இல்லையென்றால் கொத்து தலையில்தான் விழும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. சளி நோய்க் கிருமியும் இரத்தக் கழிச்சல் கிருமியும் பெரிய கோழியின் உடம்பில் அறிகுறி இல்லாமலே இருக்கலாம். குஞ்சுக்கு அதுவே எமன். புதுக் குஞ்சு கொண்டுவரும் நோய் பழைய கோழிகளுக்கும் தொற்றும். அதனால் குறைந்தது மூன்று வாரம் இரண்டு கூட்டமும் தனித்தனியாக இருக்கட்டும். தண்ணீர்ச் சட்டியை மாற்றி மாற்றி வைக்காதீர்கள். ஒரு பக்கம் போய்விட்டு மறுபக்கம் போகுமுன் கை கால் கழுவுங்கள். அட்டைப்பெட்டி 13 குஞ்சுக்குப் போதாது. தரையில் உமியோ கடலைத்தோலோ பரப்பி அகலமாக ஒரு தடுப்பு கட்டுங்கள். ராத்திரி குளிர்ந்தால் ஒரு குண்டு பல்பு. குஞ்சுகள் பல்படியில் நெருக்கியடித்தால் சூடு போதவில்லை; விலகிப் படுத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

மூன்று வாரம் நோயில்லாமல் போனதா? சரி, இனி அறிமுகம். பகலில் வாசலிலோ தோட்டத்திலோ நிழலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் குஞ்சுகளை விடுங்கள். பெரியவை சுற்றி வந்து எட்டிப் பார்க்கும், சில கொத்தவும் பார்க்கும். பஞ்சாரத்தின் இடைவெளி அலகு நுழையும் அளவுக்கு இருந்தால் சின்னக் கண் வலையைச் சுற்றிக் கட்டுங்கள். குஞ்சுகள் வளர வளரப் பஞ்சாரம் பற்றாது. அப்புறம் கூண்டையே கம்பிவலையால் தடுத்துக் கொடுக்கலாம். வலைக்கு இருபுறமும் பக்கத்துப் பக்கத்தில் தீவனம் வையுங்கள். கொஞ்ச நாளில் பெரியவை இவற்றைக் கண்டுகொள்ளாமல் மேய ஆரம்பிக்கும்.

தடுப்பை எடுக்க அவசரம் வேண்டாம். உருவத்தில் பெட்டைக்குக் கொஞ்சமாவது ஈடு கொடுக்க வேண்டும். உங்கள் குஞ்சுகளுக்கு 10, 12 வாரம் ஆகட்டும். ஒவ்வொன்றாக விடாமல் 13ஐயும் ஒன்றாக, திறந்த வெளியில் விடுங்கள். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். சுவரோரமாக ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் துரத்தப்படுவது அதற்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறிவிடும். முட்டுச்சந்து போன்ற மூலைதான் ஆபத்து. சிலர் ராத்திரி கோழிகள் அடைந்தபின் புதியவற்றை உள்ளே வைப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் விடியும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். சண்டை வெளிச்சம் வந்த பிறகுதான்.

இரண்டு கொத்து, ஒரு துரத்தல் என்றால் தலையிடாதீர்கள். ரத்தம் தெரிந்தால் உடனே பிரித்துவிடுங்கள்; சிவப்பைப் பார்த்தால் மற்றவையும் வந்து கொத்தும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டு, ஆறியபின் விடுங்கள். ஒரே ஒரு பெட்டைதான் அட்டகாசம் என்றால் குஞ்சை அல்ல, அந்தப் பெட்டையைச் சில நாள் அடைத்து வையுங்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் அதன் வீறாப்பு குறைந்திருக்கும்.

கேள்வி: சேர்த்துவிட்ட பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம் போடலாமா?

பதில்: முட்டைக்கோழித் தீவனத்தைப் போடக்கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நான்கு சதவீதம் இருக்கும். குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே இருக்கட்டும். முட்டையிடும் பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தால் தேவைக்கு அவையே தின்னும். மூட்டையில் இரத்தக் கழிச்சல் மருந்து கலந்ததாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் முட்டைக் கோழிக்கு அது ஆகாது.

கேள்வி: 30 குஞ்சு வாங்கினேன், நான்கே நாளில் 18 செத்துவிட்டன. பில் இல்லை. புகார் செய்ய முடியுமா?

பதில்: பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது, வாட்ஸப் பேச்சு எதுவும் உதவும். அதைவிட முக்கியம், செத்த குஞ்சைப் புதைக்காமல் அன்றே ஐஸ் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோவது. என்ன நோய் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் பேச்சுக்குப் பிடி கிடைக்கும். விற்றவர் மசியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரத்துக்காக வாங்கியிருந்தால் நீங்கள் நுகர்வோர் கணக்கில் வரமாட்டீர்கள். பிழைப்புக்காகச் சொந்தமாக வளர்ப்பவருக்கு விலக்கு உண்டு.

கேள்வி: ஒரு நாள் குஞ்சு வாங்கலாமா, இரண்டு மாதக் குஞ்சா?

பதில்: வீட்டில் அடைக்கோழி இருந்தால் ஒரு நாள் குஞ்சு. விலை குறைவு, சேர்க்கும் தொல்லையும் இல்லை. இருட்டியபின் முட்டையை எடுத்துவிட்டுக் குஞ்சுகளை மெதுவாக அதன் வயிற்றடியில் தள்ளுங்கள். விடிந்தால் பெரும்பாலும் தன் பிள்ளையாகவே நினைத்துக் கூட்டிக்கொண்டு திரியும். அடையில் உட்கார்ந்து இரண்டு வாரமாவது ஆன கோழியாக இருக்கட்டும். குஞ்சு ஓரிரு நாளுக்கு மேல் வளர்ந்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. அடைக்கோழி இல்லாத வீட்டுக்கு இரண்டு மாதக் குஞ்சுதான் சரி. விலை கூடினாலும் பல்பு செலவு இல்லை; ஊசி போட்டாயிற்றா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் கூவி விற்கும் கலர் குஞ்சுகளை முட்டைக்காக வாங்காதீர்கள். பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள் அவை.