கட்டுரையில் ஒட்டாத கடைசிப் பத்தி

ஆட்டிசம், மாற்றுத்திறனாளர் உரிமை இயக்கங்களின் வரலாறு பற்றிய உங்கள் கட்டுரையில், ‘கறுப்பினத்தவர் பங்கு’ என்று கடைசியில் போட்டிருக்கும் தனிப் பத்தியை எடுத்துவிடுங்கள். கட்டுரையோடு அது ஏன் ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நடுவில் நடந்ததை ஓரத்தில் வைத்தால் எப்படி ஒட்டும்?

1977இல் சான்பிரான்சிஸ்கோவில் 504ஆம் பிரிவை (அமெரிக்க அரசின் நிதி பெறும் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டப் பிரிவு) அமல்படுத்தக் கோரி, மாற்றுத்திறனாளிகள் மூன்று வாரங்களுக்கு மேல் அரசு அலுவலகத்துக்குள்ளேயே தங்கினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த பிராட் லோமாக்ஸ் அவர்களில் ஒருவர், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சிக்காரர். அந்தக் கட்சிதான் நாள்தோறும் உள்ளே சூடான உணவு கொண்டுபோய்க் கொடுத்தது. அந்தச் சாப்பாடு இல்லாமல் போராட்டம் அத்தனை நாள் தாங்கியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். இதை அந்த ஆண்டு வரும் இடத்திலேயே எழுதுங்கள்.

நீங்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் அமைப்புகளுடைய வரலாற்றை மட்டும் படித்திருக்கலாம். சரிபார்க்க ஒரு வழி: ஒவ்வொரு பத்தியிலும் பேசுபவர் யார் என்று ஓரத்தில் குறியுங்கள். மருத்துவரும் தாயும் மட்டுமே பேசினால், மொரேனிகே கிவா ஒனைவு போன்ற ஆட்டிசம் உள்ள கறுப்பினத்தவர் தாங்களே எழுதியதைத் தேடிப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: லோமாக்ஸுக்கு இருந்தது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். அவரை ஆட்டிசத்துக்கு எடுத்துக்காட்டாக்க வேண்டாம்.