போன் பேசினால் மூளையில் கட்டி வருமா? கேள்வி பதில்

செல்போனும் மூளைக்கட்டியும் பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பலர் 'டாக்டர்' என்று விளித்திருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை தரும் இடத்தில், யாருக்கு எவ்வளவு டோஸ், எந்தக் கோணத்தில் என்று கணக்குப் போடும் மெடிக்கல் பிசிசிஸ்ட். கதிர்வீச்சோடுதான் தினசரிப் பிழைப்பு.

செந்தில்: சார், உலக சுகாதார நிறுவனமே 2011ல செல்போன் புற்றுநோய் உண்டாக்கும்னு சொல்லிடுச்சே. அதுக்கப்புறம் என்ன சந்தேகம்?

அவர்கள் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 2011 மே மாதம் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 14 நாடுகளின் 31 விஞ்ஞானிகளை பிரான்ஸின் லியோன் நகரில் கூட்டியது. செல்போன் பயன்படுத்தும் ரேடியோ அலைகளை அவர்கள் '2பி' பிரிவில் வைத்தார்கள். 'உண்டாக்க வாய்ப்பிருக்கலாம், ஆதாரம் போதவில்லை' என்பதற்கான பிரிவு அது. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதில்தான் இருக்கிறது. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் இருக்கிறது. காபிகூட 2016 வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தது. சிகரெட்டும் எக்ஸ்ரேயும் 1ஆம் பிரிவு, அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை. இந்தப் பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்லும். ஆபத்து எவ்வளவு பெரிது என்று சொல்லாது. செய்தித்தாள் தலைப்பில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

நித்யா: அந்தப் போதாத ஆதாரம்தான் என்ன? ஒண்ணுமே இல்லாம பிரிவு பிரிச்சிருக்க மாட்டாங்களே?

நல்ல கேள்வி. முக்கியமானது 'இன்டர்போன்' என்ற ஆய்வு. 13 நாடுகளில் நடந்து 2010ல் வெளியானது. மூளைக்கட்டி வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் போய், கடந்த ஆண்டுகளில் எவ்வளவு போன் பேசினீர்கள் என்று கேட்டார்கள். வாழ்நாளில் மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம் கிளையோமா என்ற வகை மூளைக்கட்டி 40 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. பத்து வருடத்தில் பரப்பினால் அது தினம் அரை மணி நேரம்கூட இல்லை. பயம் பிறந்தது இங்கேதான்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. வழக்கமாகப் போன் பேசுபவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், பேசாதவர்களைவிட கிளையோமா சுமார் 19 சதவீதம் குறைவு! முதல் எண்ணை நம்பினால் இதையும் நம்பி, போன் பேசினால் மூளைக்கு நல்லது என்று சொல்ல வேண்டிவரும். இரண்டுமே அளவுகோல் கோணல் என்பதைத்தான் காட்டுகின்றன. கட்டி வந்த மனிதர், மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு 'எனக்கு ஏன் வந்தது' என்று நாள் முழுக்க யோசிப்பவர். கட்டி வலது பக்கம் என்றால், வலது காதில் வைத்துப் பேசியதெல்லாம் நினைவுக்கு வரும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினேன் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் நோயாளிகள். அவர்கள் பொய் சொல்லவில்லை. போன மாதம் எத்தனை நிமிடம் பேசினோம் என்று நம்மையே கேட்டால் சரியாகச் சொல்வோமா?

முருகேசன்: ஞாபகத்து மேல பழியைப் போட்டுத் தப்பிக்கிறீங்க. ஞாபகத்தை நம்பாம ஆய்வு பண்ணினா என்ன வருது?

பண்ணியிருக்கிறார்கள். டென்மார்க்கில் 3,58,000க்கும் மேற்பட்டவர்களை, செல்போன் சந்தாப் பட்டியலையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் ஒட்டிப் பார்த்தார்கள். 2011ல் வந்த முடிவில் அதிகரிப்பு இல்லை. அதிலும் ஓட்டை உண்டு: கம்பெனி பெயரில் போன் வைத்திருந்தவர்கள் 'போன் இல்லாதவர்' கணக்கில் போய்விட்டார்கள். அதனால் அதை மட்டும் வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பிரிட்டனில் சுமார் 7,76,000 பெண்களிடம் நோய் வருவதற்கு முன்பே போன் பழக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2022ல் முடிவு வந்தது. பேசியவர், பேசாதவர் இடையே வித்தியாசம் இல்லை. 2024ல் வெளியான 'காஸ்மாஸ்' ஆய்வு ஐரோப்பாவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்தது. போன் நிறுவனங்களின் அழைப்புப் பதிவையும் சேர்த்துப் பார்த்தது. மிக அதிகம் பேசியவர்களிடமும் கட்டி கூடவில்லை.

என்னை அதிகம் நம்பவைப்பது வேறொன்று. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் புற்றுநோய்ப் பதிவேடு பல பத்தாண்டுகளாகப் பழுதில்லாமல் எழுதப்படுகிறது. அங்கே எல்லோர் கைக்கும் போன் வந்த பிறகும் கிளையோமா கோடு மேலே எகிறவில்லை. தினம் அரை மணி நேரப் பேச்சுக்கே 40 சதவீதம் கூடும் என்பது உண்மையானால், அது மறைத்து வைக்கக்கூடிய விஷயமா?

பெயர் வேண்டாம்: எல்லா ஆய்வும் போன் கம்பெனி காசுல நடக்குறதுதானே?

சந்தேகப்படுவது நியாயம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: மேலே சொன்ன இன்டர்போனிலும் போன் துறையின் பணம் ஓரளவு கலந்திருந்தது. பயத்தைக் கிளப்பிய எண்ணே அதிலிருந்து வந்தது.

கார்த்திகா: எலிக்கு வந்ததுன்னு படிச்சேனே?

ஆமாம், அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் 2018ல் வெளியிட்டது. எலிகளுக்குக் கருவிலிருந்தே, தினம் ஒன்பது மணி நேரம், உடம்பு முழுக்க அலை அடித்தார்கள். சில ஆண் எலிகளுக்கு இதயத்தில் நரம்புறைக் கட்டி வந்தது. மூளையிலும் ஓரளவு அறிகுறி. பெண் எலிகளிடம் அந்த அளவுக்கு இல்லை. அலை வாங்கிய ஆண் எலிகள் வாங்காதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. இதை ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன், காதில் வைக்கும் போனுக்கு அப்படியே பொருத்தவும் மாட்டேன்.

ஆறுமுகம்: எக்ஸ்ரேயும் ரேடியேஷன், போனும் ரேடியேஷன். ஒண்ணு கெடுதல்னா இன்னொண்ணும் கெடுதல்தானே அண்ணா?

பெயர்தான் தம்பி ஒன்று. எக்ஸ்ரே அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறியும், டிஎன்ஏவை உடைக்கும். போன் அலையின் ஒரு துகளுக்கு இருக்கும் ஆற்றல், நாம் பார்க்கும் வெளிச்சத்தின் துகளுக்கு உள்ளதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. லேசாகச் சூடாக்கும், அவ்வளவுதான். எக்ஸ்ரே மாதிரி எலக்ட்ரானைப் பிய்க்கும் கதிருக்கு 'அயனியாக்கும் கதிர்' என்று பெயர். அது மூளையை என்ன செய்யும் என்பதற்கு இஸ்ரேல் சாட்சி. 1950களையொட்டி அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தலைப் படையைப் போக்க எக்ஸ்ரே கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர்களில் மூளையுறைக் கட்டி பல மடங்கு கூடியிருந்தது. ஒரு பொருள் உண்மையிலேயே கட்டியை உண்டாக்கினால் எண்கள் இப்படித்தான் கத்தும்.

ரேவதி: என் பையனுக்கு 12 வயசு. குழந்தைங்க மண்டை ஓடு மெலிசு, அலை உள்ளே போகும்னு பயமா இருக்கு.

சிறுவர் தலைக்குள் அலை கொஞ்சம் ஆழமாகப் போகும் என்பது சரிதான் அம்மா. அதனால்தான் 10 முதல் 24 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்து 14 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் இந்தியாவும் உண்டு. 2021ல் வந்த முடிவு: போனுக்கும் கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை. உங்கள் பையன் போனைக் காதில் வைப்பதே அபூர்வமாக இருக்கும். கையில் வைத்து விளையாடுவான். அந்த தூரமே போதும். தூக்கம் கெடுகிறதா என்று பாருங்கள், எனக்கு அந்தக் கவலைதான் அதிகம்.

பாஸ்கரன்: எதிர்வீட்டு மாடியில டவர் வெச்சிருக்காங்க. வீட்டை மாத்தணுமா?

வேண்டாம். டவர் அலை தூரத்தோடு வேகமாகத் தேய்ந்துவிடும். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் டவருக்கான வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. டவர் பக்கத்தில் இருந்தால் உங்கள் போன் மெதுவாகப் பேசினாலே அதற்குக் கேட்கும். சிக்னல் ஒற்றைக் கோட்டில் இருக்கும்போதுதான் போன் தொண்டை கிழியக் கத்தும், அதாவது அலையை அதிகமாக வீசும். அப்போது ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள்.

வசந்தி: அம்மாவுக்கு ரெண்டு மாசமா காலையில தலைவலி, வாந்தியும் வருது. போன் அதிகம் பேசுவாங்க. நிறுத்தச் சொன்னா சரியாகுமா?

போனை விடுங்கள். காலைத் தலைவலியும் வாந்தியும் புதிதாக வந்து இரண்டு மாதமாக நீடித்தால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் வலிப்போ, பார்வை மங்கலோ, ஒரு பக்கக் கை கால் பலவீனமோ சேர்ந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு.

ஜெயராமன்: 5ஜி கதிர்வீச்சைத் தடுக்கும்னு ஒரு டாலர் வாங்கிக் கழுத்துல போட்டிருக்கேன். பயன் உண்டா?

கழற்றிவிடுங்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படி விற்ற பத்துப் பொருட்களைப் பற்றி எச்சரித்தது. டாலர், வளையல் எல்லாம் அதில் உண்டு. கதிரியக்கப் பொருள் கலந்து, அவையே அயனியாக்கும் கதிரை வெளியிட்டன. அதாவது, நான் வேலை செய்யும் இடத்தில் கையுறை போட்டுத் தொடும் சமாச்சாரம். உங்களுடையதும் அந்த ரகமா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். பேரப்பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள்.