பட்டையை மட்டும் பார்த்து, உணவுக்குப் புகை போட்டுச் சுவையூட்ட ஏற்ற மரத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் பிசினைப் பாருங்கள். பட்டைக் கீறலில் பிசுபிசுப்பும் டர்பன்டைன் வாடையும் இருந்தால் அது பைன் வகையாக இருக்கலாம். அதன் புகை கரியும் கசப்புமாக உணவில் ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.

புகைக்கு ஏற்ற வட அமெரிக்க மரமான ஷாக்பார்க் ஹிக்கரியில் குழப்பமே இல்லை: முதிர்ந்த மரத்தின் பட்டை நீண்ட கீற்றுகளாகப் பிரிந்து, நுனி வெளியே வளைந்து தொங்கும். புகைக்கு ஏற்ற இன்னொரு மரமான செர்ரியில்தான் கவனம் தேவை. இளம் மரத்தின் பட்டை வழவழப்பாக, குறுக்குக் கோடுகளோடு இருக்கும். பிர்ச் என்ற வேறொரு மரத்திலும் அதே கோடுகள் உண்டு. முதிர்ந்த கருஞ்செர்ரியின் பட்டையோ கருகிய சில்லுகள் போல உரியும். ஆகவே இலை, காய் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அரளி நச்சு மரம். எந்த மரம் என்று சந்தேகம் வந்தால் அந்த விறகைத் தொடவே தொடாதீர்கள்.