வாசகர் கேள்வி - பதில்: ஒரு நாள் சென்னை, ஒரு நாள் வேலூர்

கேள்வி: இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒரே ஒரு நாள் சென்னையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்ப வேண்டும். எழும்பூர் மியூசியம், கோட்டை, கபாலீசுவரர் கோயில், சாந்தோம், கலங்கரை விளக்கம், மெரினா, வண்டலூர் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. எப்படிப் போனால் சரியாக இருக்கும்?
- காட்பாடி வாசகர்

பதில்: முதலில் வண்டலூரை அடித்துவிடுங்கள். சென்ட்ரலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். போய்வரவே அரை நாள் தீர்ந்துவிடும், உள்ளேயும் நடை அதிகம். கோட்டையும் சாந்தோமும் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும். மிச்சமுள்ள நான்கே ஒரு நாளுக்கு நிறைவு.

அடுத்து, கிழமை. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை. சனி, ஞாயிறு மெரினாவில் கால் வைக்க இடமிருக்காது. ஆகவே செவ்வாய், புதன், வியாழன் என்று பார்த்து வையுங்கள். அன்று பிரதோஷம் இருக்கிறதா என்று காலண்டரையும் ஒரு முறை பாருங்கள். இருந்தால் மயிலாப்பூரில் மாலைக் கூட்டம் நெரியும்.

விடியற்காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் உங்களுக்குத் தோதான வண்டி. ஒன்பது மணிவாக்கில் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். பஸ் வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி நெரிசலில் எவ்வளவு நேரம் போகும் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. ரயிலில் அரக்கோணம் தாண்டியதும் திருவாலங்காடு என்ற சிறு நிலையத்தைக் கவனியுங்கள். அந்த ஊர் நடராஜரைத்தான் சற்று நேரத்தில் எழும்பூரில் பார்க்கப் போகிறீர்கள்.

சென்ட்ரலிலிருந்து நேராக ஆட்டோ. போகும் வழியில் டிபனை முடித்துக்கொண்டால் அருங்காட்சியகம் திறக்கும் ஒன்பதரைக்குச் சரியாக இருக்கும். 1851இல் தொடங்கிய இந்த வளாகத்தில் கட்டடங்கள் பல. எல்லாவற்றையும் பார்க்க நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. பதினொரு மணிக்கே கால் கெஞ்சத் தொடங்கிவிடும். தெம்பு இருக்கும்போதே வெண்கலப் படிமக் கூடத்துக்குப் போய்விடுங்கள். திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் உருகி எழுதினார். நீங்கள் நேரில் பார்க்கிறீர்கள், அவசரப்படாதீர்கள். அடுத்து, தம்பதியாகப் போகிறவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று: திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. ஒரு பக்கம் ஆடை தொடையோடு நிற்க, மறு பக்கம் கணுக்கால் வரை இறங்கும். நேரே நின்று பார்த்தபின் ஒரு பக்கமாக நகர்ந்து இடுப்பின் வளைவைப் பாருங்கள். ஓருடலில் இரண்டு உடல் தெரியும். மற்றப் படிமங்களின் பீடத்தில் இருக்கும் துளைகளும் வளையங்களும் வீதியுலாவின்போது தண்டு செருகிக் கட்டுவதற்கானவை. அமராவதிச் சிற்பங்களையும் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள்.

கூட்டம் சேருமுன் சாப்பாட்டை முடித்து, இரண்டரை வரை உட்கார்ந்து ஓய்வெடுங்கள். இது சோம்பல் அல்ல, கணக்கு. கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்குக்குத்தான் திறக்கும். கலங்கரை விளக்கத்துக்கும் ஒன்றிலிருந்து மூன்று வரை இடைவேளை. மதிய வெயிலில் அலைந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை.

மூன்று மணிக்குக் கலங்கரை விளக்கம். லிஃப்ட் இருப்பதால் முழங்காலுக்குப் பயமில்லை. மேலே காற்று பலமாக அடிக்கும். தொப்பி, துண்டு, செல்போன் பத்திரம். பிறகு ஆட்டோவில் மயிலாப்பூர். கோயில் பிராகாரத்துக் கல் நாலரைக்கும் சுடும், பையில் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள்.

மெரினாவைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கடல் கிழக்கே, சூரியன் இறங்குவது முதுகுக்குப் பின்னால். ஐந்தரைக்கு மேல் மணலில் சூடு தணிந்திருக்கும். சாலையிலிருந்து தண்ணீர் வரை மணல் வெகு அகலம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த நடை தண்டனை. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத் திறனாளிகளுக்கும் முதியோருக்கும் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அதன் வழியே போங்கள். கடலில் இறங்க வேண்டாம். அங்கே அலையின் உள்ளிழுப்பு கடுமை, குளிக்கவும் தடை உண்டு.

பறக்கும் ரயில் மலிவுதான். ஆனால் நிலையங்கள் உயரத்தில் இருக்கின்றன, படிகள் அதிகம். உங்களுக்கு ஆட்டோதான் சரி. மாலை நேர நெரிசலுக்காக ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் மங்களூர், கோவைப் பக்கம் போகும் வண்டிகள் பல காட்பாடியில் நிற்கும். முன்கூட்டியே ரிசர்வ் செய்துவிடுங்கள். சாதாரண டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறினால் அபராதம். சுமார் இரண்டு மணி நேரப் பயணம், வண்டி நிற்பதும் கொஞ்ச நேரம்தான். படுத்தால் அலாரம் வைத்துப் படுங்கள்.

கேள்வி: புதிதாகத் திருமணமானவர்கள் நாங்கள். சென்னையிலிருந்து வந்து வேலூரை ஒரு நாளில் பார்க்க முடியுமா?
- பெரம்பூர் வாசகி

பதில்: தாராளமாக. காட்பாடியில் இறங்கி, பாகாயம் போகும் 1 அல்லது 2ஆம் எண் டவுன் பஸ் பிடித்தால் கோட்டைக்கு வந்துவிடலாம். ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு முதலில் போங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்து முடித்ததும் விதானத்தையும் அண்ணாந்து பாருங்கள்: விரிந்த தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். நூற்றாண்டுக் கணக்கில் சாமி இல்லாமலிருந்த கோயில் இது. 1981இல்தான் லிங்கம் மீண்டும் உள்ளே வந்தது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூண் வெளியே மக்கான் பக்கம் இருக்கிறது. கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறைதான்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலை மாலைக்கு வையுங்கள். விளக்கொளியில்தான் அந்தத் தகடுகளின் நுணுக்கம் தெரியும். நட்சத்திர வடிவப் பாதை மட்டும் 1.8 கிலோமீட்டர், எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள், ஆகவே ஆறு மணிக்குள் நுழைந்துவிடுங்கள். லுங்கி, அரைக்கால் சட்டைக்கு அனுமதியில்லை. செல்போனை வெளியே ஒப்படைக்க வேண்டும். இருவரும் பிரிந்துவிட்டால் எங்கே காத்திருப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.