பாவும் பாணும்

தம்பி, நீங்கள் கேட்டது இது: "லிஸ்பனுக்கு வந்து மூன்று வாரம். பாவ் பாஜியில் வருகிற பாவ் போர்த்துக்கீசச் சொல்தானே என்று நம்பி, பேக்கரியில் 'பாவ்' கேட்டேன். அங்கே நின்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அந்தச் சொல்லை எப்படி எழுதுவது, எப்படிச் சொல்வது? நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நீங்கள் சொன்னதற்குக் கம்பு, தடி என்று பொருள். கொச்சைப் பேச்சில் ஆணுறுப்பையும் அப்படிச் சொல்வார்கள். அந்தப் பிள்ளை உங்களை இளக்காரம் செய்யவில்லை. வெளியிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாக இடறுகிற இடம் அது. கூச்சப்பட்டு அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள்.

ரொட்டிக்கான சொல்லில் மூன்றே எழுத்து: பி, ஏ, ஓ. நடுவில் நிற்கிற ஏயின் தலையில் ஒரு நெளிகோடு. அதன் பெயர் தில். லத்தீனில் 'பானெம்' என்று இருந்த சொல் இது. அந்தக் காலத்தில் ஏடு எழுதியவர்கள் ன் ஒலிக்குரிய எழுத்தை முழுதாக எழுதாமல், உயிரெழுத்தின் தலைமேல் சின்னக் கோடாக இழுத்துவிடுவார்கள். பேச்சில் அந்த ன் கரைந்து மூக்குக்குள் போய்விட்டது, கோடு மட்டும் நிற்கிறது. நம்முடைய புள்ளியை விட்டால் எழுத்து எப்படி மாறிப்போகுமோ, அப்படித்தான் இதுவும். போனில் ஏ எழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட ஏ மேலே வரும். கம்புக்கான சொல்லில் கோடும் கிடையாது, கடைசியில் ஓவுக்குப் பதில் யூ.

இனி உச்சரிப்பு. நான் யாழ்ப்பாணத்துக்காரன். எங்கள் ஊரில் ரொட்டி என்றால் வேறு, பேக்கரியில் வாங்குவது பாண். வந்த புதிதில் 'பாண்' என்றே கேட்டேன். கடைக்கார அம்மா என்னை ஸ்பெயின் பக்கமிருந்து வந்தவன் என்று நினைத்து ஸ்பானிய மொழியில் பதில் சொன்னார். பிறகு விளங்கிக்கொண்டு, மாவு ஒட்டிய விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, மெதுவாக அந்தச் சொல்லைச் சொன்னார். மூக்கு நுனியில் மாவு ஒட்டிக்கொண்டது. அன்றைக்குத்தான் எனக்கு வெளித்தது.

உங்கள் பாவும் எங்கள் பாணும் ஒரே சொல்லின் இரண்டு பாதி. கோவா, பம்பாய்ப் பக்கம் கடைசியில் உதடு குவிவதைப் பிடித்துக்கொண்டு மூக்கை விட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உதட்டை விட்டுவிட்டார்கள். இரண்டையும் சேர்த்தால் லிஸ்பன்காரர் சொல்வது வந்துவிடும்.

எப்படிச் சேர்ப்பது? உங்கள் தமிழ்நாட்டுப் பேச்சிலேயே வழி இருக்கிறது. 'வந்தான்', 'வந்தாள்' இரண்டையும் வீட்டில் பேசுகிறமாதிரி வேகமாகச் சொல்லிப் பாருங்கள். வந்தாளில் ள் உதிர்ந்து வெறும் 'வந்தா'. வந்தானிலும் நாக்கு மேலே ஒட்டாது, ஆனால் மூச்சு மூக்கு வழியே போகும். வந்தது அவனா அவளா என்று அந்த மூக்கொலியை வைத்துத்தானே கண்டுபிடிக்கிறீர்கள்? இங்கேயும் ரொட்டியா கம்பா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அந்த வந்தானின் ஒலியை 'ப'வில் ஏற்றி, கடைசியில் உதட்டை உ மாதிரிக் குவியுங்கள். 'பா' என்று வாயை அகலத் திறக்க வேண்டாம். குறில் ப போதும், வாயைத் திறக்கத் திறக்கக் கம்புப் பக்கம் போய்விடும். சரியா என்று பார்க்க மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லுங்கள். கம்பு மாறாமல் வரும், ரொட்டி அடைபட்டு நிற்கும்.

இந்த ஒரு ஒலிக்காக இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 'இல்லை', 'கை', 'சகோதரன்', 'அட்டை', 'நிலையம்' எல்லாவற்றுக்கும் இங்கே முடிவு இதே ஒலிதான். நாள் முழுக்க இது இல்லாமல் ஒரு வாக்கியம் நகராது.

பன்மையில் மட்டும் கவனம். ரொட்டிகள் என்றால் ஓ போய் ஈயும் எஸ்ஸும் வரும். மூக்கால் 'பய்' என்று சொல்லி 'ஷ்' போட்டு முடியுங்கள். 'கை' இப்படி மாறாது, அதற்கு எஸ் மட்டும் சேரும். லத்தீனில் வேறு வேறாக இருந்த முடிவுகள் ஒருமையில் ஒன்றாகிவிட்டன, பன்மையில் பழைய பிரிவு தங்கிவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் பன்மையோடு சேர்த்தே பழகுங்கள்.

போர்த்துக்கீசர் இலங்கைக்கு 1505இல் வந்தார்கள். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658 வரை வைத்திருந்தார்கள். பாண் மட்டுமல்ல, எங்கள் கதிரை (உங்கள் நாற்காலி), சப்பாத்து (நீங்கள் ஷூ என்பது), அலுமாரி எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. இங்கே செருப்புக்கடையில் 'சப்பாத்து' என்ற சொல் காதில் விழுந்த அன்று அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

கடையில் வெறுமனே ரொட்டி என்று கேட்டால் எந்த ரொட்டி என்பார்கள். சின்ன உருண்டை ரொட்டிக்கு லிஸ்பனில் 'பாப்பு சேக்கு', போர்ட்டோவில் அதையே 'முலெத்' என்பார்கள். சான்ட்விச்சுக்கு வெட்டுகிற ரொட்டிக்குப் பெயர் 'அச்சு ரொட்டி' என்று பொருள்படும். எங்கள் ஊரிலும் அது அச்சுப்பாண்தான். குழம்புக்குத் தொட்டுக்கொள்ள, நாட்டின் தென்பகுதியான அலென்தேஜுவின் ரொட்டி வாங்குங்கள், தடித்த தோலும் லேசான புளிப்புமாக இருக்கும். 'கேரு' என்று கேட்டால் 'எனக்கு வேணும்' என்று அதட்டுகிறமாதிரி இருக்கும். 'கெரீயா' என்று தொடங்குங்கள், அதுதான் மரியாதை.

நாளைக் காலை அதே கடைக்கே போங்கள், தம்பி. போகிற வழியில் நாலு தரம் 'வந்தான்' சொல்லிக்கொண்டு போங்கள்.