கேமரா கேள்வி பதில்: கொட்டும் பனியில் ஃப்ளாட் அயர்ன்

கேள்வி (ஜெர்சி சிட்டி வாசகி): பனிப்புயல் அன்று ரயிலேறி மன்ஹாட்டன் போய் ஃப்ளாட் அயர்ன் என்ற முக்கோண வடிவக் கட்டடத்தைப் படமெடுத்தேன். எல்லாப் படங்களும் அழுக்கு வேட்டி மாதிரி சாம்பலாக இருக்கின்றன. கட்டடத்தின் மேல்பாதியையே காணோம். பனி நின்ற பிறகு போயிருக்க வேண்டுமோ?

பதில்: வேண்டாம்மா, கொட்டும்போதே போங்கள். 1902-இல் கட்டி முடித்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தை வெயிலில் எடுக்காதவர்களே இல்லை. பனி நின்றபின் கிடைப்பதும் அதே படம்தான், கொஞ்சம் வெள்ளை பூசியிருக்கும்.

முதலில் சாம்பல் நிறம். கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலுக்கு இழுக்கும். சட்டகம் முழுக்க வெள்ளை என்றால், வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டுக் குறைத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (ஒளிமானியின் கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) +1 வையுங்கள், போதாவிட்டால் +1.5. ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று திரையில் காட்டும் வரைபடம், வலது ஓரத்தை நெருங்கலாம், முட்டக்கூடாது.

மேல்பாதி மறைந்ததை நான் குறையாகவே பார்க்கவில்லை. 87 மீட்டர் உயரக் கட்டடம், நடுவில் அத்தனை பனி. தூரம் கூடக்கூட மங்கத்தான் செய்யும். உங்கள் படத்தில் இல்லாதது வேறொன்று: பக்கத்தில், கருப்பாக, அழுத்தமாக ஒரு பொருள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1903-இல் இதே கட்டடத்தைப் பனியில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். முன்னால் கவை பிரிந்த ஒரு கரிய மரம். பின்னால் வெளிறிப்போன கட்டடம். மரம் கருப்பாக இருப்பதால்தான் கட்டடத்தின் வெளிறல் அழகாகிறது. உலகத்துக்கே தெரிந்த கட்டடம் அது. அந்தக் கூரிய முனையின் விளிம்பு லேசாகத் தெரிந்தால் போதும், மிச்சத்தைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

மரத்துக்கு அலைய வேண்டாம், எதிரே மாடிசன் ஸ்கொயர் பூங்கா இருக்கிறது. விளக்குக்கம்பம், குடை பிடித்து நடப்பவர் எதுவானாலும் சரி. அங்கே நிற்பதில் இன்னொரு வசதி: நியூயார்க்கின் பெரிய பனிப்புயல்களில் பலவற்றில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். பூங்காவிலிருந்து தெற்கே பார்த்தால் காற்று உங்கள் முதுகுப்பக்கம், லென்ஸ் நனைவது குறையும். லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு வளையமான லென்ஸ் ஹூட் கட்டாயம். ஃப்ளாஷ் கூடவே கூடாது; கிட்டே விழும் பனிச் செதில்களெல்லாம் வெள்ளைத் திட்டுகளாகிவிடும். ஆட்டோஃபோகஸும் செதில்களைத் துரத்தும். அதை அணைத்துவிட்டு, மரத்தில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள்.

ஷட்டர் 1/250 நொடியைவிட வேகமாக மூடினால் பனி புள்ளி புள்ளியாக நிற்கும், 1/30-இல் கோடுகளாக ஓடும். எனக்குப் பிடித்தது 1/60. செதில் கொஞ்சம் நீளும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது படத்தில் தெரியும்.

அப்புறம், பொறுமை. 1893 பிப்ரவரி 22 அன்று ஐந்தாம் அவென்யூவில் பனிப்புயலில் மூன்று மணி நேரம் நின்று ஒரே ஒரு குதிரை வண்டிப் படத்துக்காகக் காத்திருந்ததாக ஸ்டீக்லிட்ஸே எழுதியிருக்கிறார். அதிலும் நெகட்டிவின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பயன்படுத்தினார். நீங்களும் தயங்காமல் வெட்டலாம்.

கேள்வி (டொராண்டோ வாசகர்): என்னிடம் கைப்பேசி மட்டும்தான். சி.என். டவரைப் பனியில் எடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக. திரையில் தொட்டு, சூரியக் குறியை மேலே இழுத்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள்; அது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பதால் விழும் பனி கலங்கிவிடும். ஜூம் செய்யாமல் நடந்து கிட்டே போங்கள். குளிரில் பேட்டரி திடீரென்று படுத்துவிடும், எடுக்காத நேரத்தில் போனை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டிலேயே வைத்திருங்கள்.

கேள்வி (அதே வாசகி): வீட்டுக்குள் வந்ததும் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிட்டது. கேமரா கெட்டுவிடுமா?

பதில்: உள்ளே ஈரம் தங்கினால் கெடும். வாசலுக்கு வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். நீர் பையின் மேல்தான் பூக்கும். அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒன்றிரண்டு மணி நேரம், திறக்காதீர்கள். படம் பார்க்க அவசரமென்றால் பையில் போடும் முன்பே மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள்.