சிஎன்சி மெஷினின் (கணினிக் கட்டுப்பாட்டில் பொருளை வெட்டும் இயந்திரம்) கதவுக் கண்ணாடி மங்கிக்கொண்டே இருக்கிறது, தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

வேண்டாம். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் வேண்டாம். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் அமோனியா கலந்த ஸ்ப்ரேயும் வேண்டாம்.

நாம் கண்ணாடி என்று சொன்னாலும் பெரும்பாலான மெஷின்களில் அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஷீட்தான். சிலவற்றில் கூலண்ட் (வெட்டும்போது சூடு தணிக்கப் பாய்ச்சும் திரவம்) படும் உள்பக்கம் மட்டும் நிஜக் கண்ணாடியாகவும் அதற்குப் பின்னால் பாலிகார்பனேட்டாகவும் இருக்கும். நகத்தால் தட்டினால் ஓரளவு தெரிந்துவிடும்: கண்ணாடி கணீரென்று ஒலிக்கும், பிளாஸ்டிக் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமாக இருந்தால் பிளாஸ்டிக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த டூலோ, சக்கிலிருந்து (வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் பகுதி) கழன்ற ஜாவோ (அதன் பிடிப்புத் துண்டு) பறந்து வந்தால் ஆபரேட்டருக்கும் அதற்கும் நடுவில் நிற்பது இந்த ஷீட் ஒன்றுதான். தின்னர் பட்டால் அதில் முடியளவு வெடிப்புகள் விழும். பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் அடி தாங்கும் பலம் போயிருக்கும்.

துடைக்கும் முறையில் முக்கியமானது வரிசை. முதலில் மெஷினை நிறுத்தி, கூலண்ட் வாஷ் கன்னால் மேலிருந்து கீழாகக் கழுவி, ஒட்டியிருக்கும் சிப்ஸையும் (வெட்டிய சீவல்கள்) பொடியையும் இறக்கிவிட வேண்டும். வார்ப்பிரும்பு, கிராஃபைட் ஓட்டும் மெஷினில் இதைத் தவிர்க்கவே முடியாது. கழுவாமல் துணியை வைத்துத் தேய்த்தால் அந்தப் பொடியே உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கொஞ்சம் கலந்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைத்து, நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசி, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் இங்கே ஆகாது. அதற்குள் ஏற்கெனவே சிப்ஸ் சிக்கியிருக்கும். ஏர் கன்னும் கூடாது. ரப்பர் சீலுக்குள் கூலண்டைத் தள்ளிவிடுவது அதுதான்.

நேரமும் முக்கியம். ஷிப்ட் முடிந்த உடனே, ஈரம் காயும் முன் துடைத்தால் பாதி வேலை மிச்சம். காய்ந்துவிட்டால் தண்ணீர் மட்டும் ஆவியாகி எண்ணெயும் உப்பும் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். அப்படிக் காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்துவிட்டுத் துடையுங்கள்.

சரி, தினமும் துடைத்தும் மறுநாளே பால் தெளித்ததுபோல ஆகிறது என்றால் துணியை மாற்றிப் பயனில்லை, கூலண்ட் டேங்கைத் திறந்து பாருங்கள். என் அனுபவத்தில் இதற்குக் காரணம் மூன்றில் ஒன்று. தண்ணீர் கடினமாக இருந்தால் அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் கூலண்டோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகப் படியும். கூலண்ட் தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் பிசுக்கு ஏறும். ஸ்லைட்வே ஆயில் (மெஷினின் நகரும் பாதைகளுக்கு விடும் எண்ணெய்) டேங்கில் கலந்து மேலே மிதந்தால் அது தெறித்து எண்ணெய்ப் படலமாக நிற்கும். டேங்கிலிருந்து தண்ணீர்தான் அதிகம் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் குறைந்ததை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவது நல்லது. கூலண்ட் எவ்வளவு கெட்டி என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, அதன் அளவை உங்கள் கூலண்டின் காரணியால் பெருக்கிப் பாருங்கள். காரணியைக் கூலண்ட் தந்தவரே சொல்வார். மிதக்கும் எண்ணெயை ஸ்கிம்மரால் (எண்ணெயை வழித்தெடுக்கும் கருவி) எடுங்கள். கண்ணாடியைத் துடைப்பதைவிட இதில்தான் பலன் அதிகம், ஆனால் கண்ணில் படாத வேலை என்பதால் யாரும் செய்வதில்லை.

இன்னொன்று, உள்ளே இருக்கும் விளக்கின் மூடியையும் துடையுங்கள். ஜன்னல் மங்கல் என்று புகார் வரும் மெஷின்களில் பலமுறை மங்கியிருப்பது விளக்குதான்.

மெஷின் ஓடும்போதே உள்ளே பார்க்க வேண்டுமென்றால் முதலில் கூலண்ட் நாசிலின் திசையைத் திருத்துங்கள். ஜன்னலை நோக்கிப் பாய்வது அதுவாகத்தான் இருக்கும். கார் கண்ணாடிக்குப் பூசும் மழைநீர் ஒட்டாத திரவம் நிஜக் கண்ணாடியில் ஓரளவு உதவும், பாலிகார்பனேட்டில் பூச வேண்டாம். செலவு செய்யத் தயார் என்றால் சுழலும் வட்ட ஜன்னல் பொருத்தலாம். கப்பல்களில் இருக்கும் அதே ஏற்பாடு: வட்டு வேகமாகச் சுற்றி, மேலே விழும் கூலண்டை வெளியே வீசிவிடும்.

எவ்வளவு பராமரித்தாலும் ஷீட்டுக்கு ஆயுள் உண்டு. அமீன் என்ற வகை ரசாயனம் கலந்த கூலண்ட் பட்டால் மிச்சமிருக்கும் பலத்தில் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை குறையலாம், பலவீனமாகிவிட்டது என்று சந்தேகம் வந்தால் 2 ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள் என்கிறது சிஎன்சி மெஷின் தயாரிக்கும் ஹாஸ் நிறுவனத்தின் கையேடு. நுண்வெடிப்பு, ஓரத்தில் மஞ்சள், இரண்டு அடுக்குக்கு நடுவே மூட்டம், ஏதோ மோதிய தடம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பாலிஷ் போட்டுச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மெஷின் தயாரித்தவரின் ஷீட்டையே வாங்குங்கள். அதே கனத்தில் அக்ரிலிக் வெட்டி மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அக்ரிலிக் அடி பட்டால் சிதறும். அளவு சற்றுக் குறைத்து வெட்டிய பாலிகார்பனேட்டும் ஆபத்துதான். ஃபிரேமுக்குள் போதுமான அளவு நுழையாத ஷீட் உடையாவிட்டாலும், மோதும் வேகத்தில் ஃபிரேமை விட்டே வெளியே வந்துவிடும்.